முந்தி வந்த கட்டைவிரல்

"உங்க ஃபோனை எடுத்து மேசை மேல வைங்க, சார்."

சொல்லிவிட்டேன். மேசைக்கடியில் சித்தப்பாவின் ஷூ என் கால்மேல் ஏறி நின்றது.

அவருடைய துப்பறியும் நிறுவனத்தில் நான் சேர்ந்த அன்று அவர் எனக்கு விதித்த தடை ஒன்றே ஒன்று. யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேள். நம்மைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவரிடம் மட்டும் அவருடைய ஃபோனைக் கேட்டுவிடாதே. "அவர் வாடிக்கையாளர். சந்தேகப் பட்டியல்ல இருக்கிற ஆள் இல்லை" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் சிரித்தார். பல் மட்டும் சிரித்தது.

"பொண்ணுக்கு வேகம் ஜாஸ்தி."

"வேலைக்குப் புதுசு" என்றார் சித்தப்பா. "எங்க வம்சத்துலயே முதல் பட்டதாரி. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"அதான் நான் பிரிண்ட் எடுத்தே கொடுத்திருக்கேனே, அப்புறம் என் ஃபோன் எதுக்கு?" மேனேஜர் ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஓர் ஆப்பிள் கிடங்கின் மாடியில், கண்ணாடி போட்ட அறையில். கீழே எஃகுச் சுவர் வைத்த குளிர் அறைகள் வரிசையாக நின்றன. ஆப்பிளை உள்ளே அடுக்கிக் கதவை மூடி, காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பிவிட்டால், பறித்த பழம் பழுக்கவே மறந்து மாதக்கணக்கில் தூங்கும். மனிதன் உள்ளே மாட்டிக்கொண்டால் அவனுக்கு மூச்சு விட மறந்துபோகும். முந்தின நாள் ஏழாம் அறையில் நடந்தது அதுதான். எலக்ட்ரீஷியன் உள்ளே விசிறி மாட்டிக்கொண்டிருக்கும்போது கேஸ் திறக்கப்பட்டது. கேஸ் திறந்தால் அறையின் ஷட்டர் தானாக இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை போடும் அளவுக்கு நன்றாகவே பிழைத்துக்கொண்டார்.

கேஸைத் திறந்தவர் ஓர் அம்மாள். கிடங்கு முழுவதற்கும் அவர் கேஸ் அக்கா. இன்று மத்தியானம் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். அதற்குள் எங்கள் அறிக்கை தயாராக வேண்டும். எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் அக்கா கேஸைத் திறந்தார் என்று அதில் இருந்தால், வேலை போவதோடு நிற்காது. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும்.

தாளைப் படித்தேன். மேனேஜரும் வேலையாட்கள் மூன்று பேரும் கம்பெனி ஃபோனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அதில் வந்த மெசேஜ்கள்.

சூப்பர்வைசர்: ஏழு காலி. மூடலாம்.

கேஸ் அக்கா: கேஸ் திறக்கட்டுமா?

எலக்ட்ரீஷியன்: ஏழுக்குள்ள போறேன். மூடாதீங்க.

கேஸ் அக்கா: திறந்துட்டேன்.

"சின்னக் குழந்தைகூட புரிஞ்சுக்கும்" என்றார் மேனேஜர். "மூடாதீங்கன்னு அவன் சொல்றான். அதுக்குக் கீழேயே திறந்துட்டேன்னு இவ சொல்றா. மெசேஜ் வந்த நிமிஷமே நான் பார்த்தேன், ஃபோன் என் கையிலதான் இருந்தது. எனக்கு வந்தது இவளுக்கு மட்டும் வராமப் போயிடுமா? படிக்காதவங்க கையில ஃபோனைக் கொடுத்தா இப்படித்தான்."

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமலிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என் வீட்டில் எனக்கு முந்தி யாரும் படித்ததில்லை. அதற்காக யாரும் யாரையும் கொன்றதில்லை.

"திறக்கட்டுமான்னு அவங்க கேட்டிருக்காங்க. யாரும் பதில் சொல்லலையா?"

"பதிலுக்கு அவ எங்க காத்திருந்தா? திமிரு."

"அனுமதி கேட்கத் தெரிஞ்சவங்க, பதில் வராமத் திறப்பாங்களா? திமிர் பிடிச்சவங்க கேட்கவே மாட்டாங்களே. நானெல்லாம் கேட்கிறதில்லை."

சித்தப்பாவின் ஷூ இன்னும் ஒரு அங்குலம் அழுத்தியது. "நாங்க கீழே ஒரு சுற்றுப் பார்த்துட்டு வந்துடறோம், சார்" என்று எழுந்தார்.

படியிறங்கும்போது ஆரம்பித்தார். "டிகிரி எதுக்கும்மா வாங்கின? கண்ட இடத்துல வாயைத் திறக்கவா?"

"வாய் முன்னாடியே இருந்தது, சித்தப்பா. டிகிரிதான் புதுசு."

"வாடிக்கையாளர் முன்னாடி என்னைச் சித்தப்பான்னு கூப்பிடாம இருந்ததுக்கு மட்டும் பாராட்டு."

"கால்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க. மரியாதை தானா வந்துடுச்சு."

கேஸ் அக்கா தன் அறைக்கு வெளியே ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகக்கூடாது என்று உத்தரவாம். அழுது முடித்து முகம் கழுவின முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"உட்காருங்க அக்கா. உங்க ஃபோன்?"

தயங்காமல் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். சித்தப்பா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். அதே மெசேஜ்கள்தான். ஆனால் வரிசை வேறு. சூப்பர்வைசர் 'காலி' என்கிறார். அக்கா 'திறக்கட்டுமா?' என்கிறார். அதற்கு நேர் கீழே மேனேஜரிடமிருந்து ஒரு படம்: தூக்கிக் காட்டின கட்டைவிரல். அப்புறம் 'திறந்துட்டேன்'. எலக்ட்ரீஷியனின் 'மூடாதீங்க' எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றது.

"இந்தக் கட்டைவிரல் பிரிண்ட்ல இல்லையே" என்றார் சித்தப்பா மெதுவாக.

"அவரு எல்லாத்துக்கும் அதைத்தான் சார் அனுப்புவாரு" என்றார் அக்கா. "லீவு கேட்டாலும் கட்டைவிரல், லாரி வந்தாலும் கட்டைவிரல். எங்க ஆளுங்க அவருக்கு வச்ச பேரே அதான். கேஸ் விஷயத்துல அவரு விரல் வராம நான் வால்வைத் தொட்டதே இல்லை. நேத்தும் வந்துச்சு. திறந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு எலக்ட்ரீஷியன் தம்பி போட்டது வந்துச்சு. எனக்குக் கை காலே ஓடலை. வால்வைத் திருப்பிட்டு ஓடினேன். ஷட்டரைத் தூக்கி, தம்பியைக் காலைப் பிடிச்சு வெளியே இழுத்துப் போட்டேன்."

"காலைப் பிடிச்சா?"

"தலை தூரமா இருந்துச்சு, கண்ணு."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நீங்க மெசேஜை மேலே கீழே மாத்தி வச்சிருக்கீங்கன்னு மேனேஜர் சொல்லுவார்."

"எழுத்தைப் பெருசாக்கறதுக்கே எனக்கு என் பொண்ணு வேணும் சார்."

அடுத்தது சூப்பர்வைசர். அவருக்குப் பெயர் விசில். சீட்டியடிக்காமல் பத்தடி நடக்கத் தெரியாத மனிதர். லாரிக்குப் பக்கத்தில் நின்று ஃபோனை நீட்டினார். அதில் மூன்றாவது வரிசை: காலி, திறக்கட்டுமா, மூடாதீங்க, அதன் கீழே கட்டைவிரல், கடைசியில் திறந்துட்டேன்.

"நான் அப்போ லோடு ஏத்திக்கிட்டு இருந்தேம்மா. எதையும் பார்க்கலை" என்றார் விசில். "அப்புறம் கேஸ் ரூம் வழியா நடந்து வந்தேன். நான் கதவுகிட்ட வரவும் உள்ளே அக்கா கத்தவும் சரியா இருந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"என் ஃபோன்ல பார்க்காதீங்க. அது சீக்கிரம் ஓடும். ஓட விட்டிருக்கேன். அப்பதான் வீட்டுக்கு நேரத்துல கிளம்ப முடியும்."

கம்பெனி ஃபோன்களுக்கு சிம் கிடையாது. கிடங்குக்குள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும், அவ்வளவுதான். வெளி உலகத்தில் மணி என்ன என்று அவற்றுக்குச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றின நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மூணு பேர், மூணு வரிசை" என்றார் சித்தப்பா. "யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க."

"மூணு ஃபோனும் உண்மை சொன்னா?"

"அது எப்படிம்மா?"

"சோதனை போட்டுப் பார்த்துடலாம். நீங்க அக்கா ஃபோனோட கேஸ் ரூமுக்குள்ள நில்லுங்க. விசில் சார் தன் ஃபோனோட ஆபீஸ் படிக்கட்டுகிட்ட நிக்கட்டும். எலக்ட்ரீஷியன் ஃபோன் இங்கேயேதான் கிடக்கு, அதை எடுத்துக்கிட்டு நான் ஏழாம் அறை வாசலுக்குப் போறேன்."

போனேன். வாசலில் நின்று எலக்ட்ரீஷியன் ஃபோனில் குரூப்புக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். 'சித்தப்பாவுக்கு முன்வழுக்கை விழுந்துவிட்டது.' அனுப்பிவிட்டு, நேற்று எலக்ட்ரீஷியன் செய்ததைப் போலவே அறைக்குள் நுழைந்து சுவரோரம் நின்றேன். ஷட்டர் மேலே இருந்ததா என்று மட்டும் நாலு தடவை பார்த்துக்கொண்டேன். நான் கோபக்காரிதான், ஆனால் பைத்தியம் இல்லை.

திரும்பி வந்தபோது கேஸ் ரூம் வாசலில் சித்தப்பா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"விசில்கிட்டயிருந்து 'நானும் கவனிச்சேன், பாவம்'னு வந்திருக்கு. என்னத்தைக் கவனிச்சாராம்? யார் பாவம்?"

"என் மெசேஜ் வரலையா?"

"உன் மெசேஜா? எதுவும் வரலையே."

அதற்குள் விசில் சீட்டியடித்துக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் பக்கத்தில் வந்ததும் சித்தப்பாவின் கையிலிருந்த ஃபோன் உறுமியது. படித்தார். கை தானாக நெற்றிக்குப் போனது.

"பார்த்தீங்களா?" என்றேன். "நான் போட்டதுக்கு விசில் பதில் போட்டார். உங்ககிட்ட பதில் முதல்ல வந்துடுச்சு. நான் போட்டது அப்புறமா, அவர் பாக்கெட்டுல ஏறி நடந்து வந்திருக்கு. நேத்து எலக்ட்ரீஷியன் சொன்னதும் இப்படித்தான் அக்காகிட்ட வந்திருக்கு."

"சோதனைக்கு வேற வாக்கியம் கிடைக்கலையா?"

"உண்மையான வாக்கியம் வேணும்னு நினைச்சேன்."

விசில் சீட்டியை விழுங்கிக்கொண்டு லாரிப் பக்கம் ஒதுங்கினார்.

சித்தப்பா சட்டென்று கேலியை விட்டார். அவர் மூளை வேலை செய்யும்போது வலது காதைத் திருகிக்கொள்வார். திருகினார். "அக்கா திறந்தபோது எச்சரிக்கை அவங்ககிட்ட இல்லை. அதை இப்போ நிரூபிக்கலாம். ஆனா மேனேஜர் என்ன சொல்லுவார்? நெட்வொர்க் கோளாறு, அக்கா பாவம், நானும் பாவம்னு சொல்லிட்டு எழுந்துப்பார். பாவம்னா எதுக்கு அந்தக் கட்டைவிரலைப் பிரிண்ட்லேர்ந்து வெட்டி எடுத்தார்?"

"அவர் விரலைத் தூக்கினபோது எச்சரிக்கை அவர் ஃபோன்ல இருந்ததா இல்லையா. அது தெரியணும். அவர் ஃபோனைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்."

"அதைத்தான் நீ கேட்டுக் கெடுத்துட்டியே."

"நீங்க கேட்டிருந்தா கொடுத்திருப்பாரா?"

"நான் கேட்டிருக்கவே மாட்டேனே!"

கம்பெனி ஃபோன்களுக்கு அந்த மெசேஜ் ஆப்பைச் செய்து கொடுத்தவர் எதிர்த் தெருவில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முன்பக்கம் உடைந்த திரைகள், பின்பக்கம் மூன்று கம்ப்யூட்டர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"நெத்தியில" என்றேன்.

"தேங்க்ஸ் மேடம். என்ன ஃபோன், எங்க உடைஞ்சது?"

"ஃபோன் உடையலை. வரிசை உடைஞ்சிருக்கு."

விஷயத்தைச் சொன்னோம். அவர் முகத்திலிருந்து வியாபாரச் சிரிப்பு இறங்கியது.

"மேடம், எஃகுச் சுவருக்கு நடுவுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல மெசேஜ் போய்ச் சேரவே சேராது. ஒவ்வொரு ஃபோனும் தன் சொந்த மெசேஜை முதல்ல தள்ளும். அடுத்தவன் மெசேஜைச் சாவகாசமா, வழியில பார்க்கிற ஃபோனுக்கெல்லாம் கைமாத்தி விடும். அதனால ஒருத்தருக்கு முன்னால வந்தது இன்னொருத்தருக்குப் பின்னால வரும். அது எனக்கும் தெரியும். அதுக்குத்தான் காத்திருக்கிற ஏற்பாடு ஒண்ணு வச்சேன்."

"எப்படி?"

"ஒவ்வொரு மெசேஜும் கிளம்பும்போது முதுகுல ஒரு குறிப்பைக் கட்டிக்கிட்டுப் போகும். 'என்னை அனுப்பினவர் ஃபோனுக்கு, நான் கிளம்பறதுக்கு முன்னாடி, யார் யாரோட எத்தனையாவது மெசேஜ் வரைக்கும் வந்திருந்தது'ன்னு. வாங்கற ஃபோன் அந்தக் குறிப்பைப் பார்க்கும். அதுல இருக்கிறதெல்லாம் நமக்கு வந்தாச்சா? வந்திருந்தாத் திரையில காட்டும். இல்லைன்னா உள்ளேயே வச்சுக்கிட்டு, விட்டுப்போனது வர்ற வரைக்கும் காத்திருக்கும். பதில் எந்தக் காலத்துலயும் கேள்வியைத் தாண்டி வராது."

எனக்குக் காது சூடானது. கல்லூரியில் இதை ஒரு முழுப் பாடமாகப் படித்திருக்கிறேன். பரீட்சையில் அம்புக்குறிப் படமெல்லாம் போட்டு நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த அம்புக்குறியின் முனையில் ஒரு மனிதன் மூச்சுத் திணறி விழுந்து கிடப்பான் என்று அந்தப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை.

"அப்படின்னா எலக்ட்ரீஷியன் மெசேஜ் வராம, கட்டைவிரல் அக்கா ஃபோன்ல தெரிஞ்சிருக்கவே கூடாதே?"

"கூடாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏற்பாடு வேலை செஞ்சிருந்தா."

"செய்யலையா?"

"போன சீசன்ல நிறுத்தச் சொல்லிட்டாங்க. யாராவது ஒருத்தர் குளிர் அறைக்குள்ள மாட்டிக்கிட்டா மத்தவங்க மெசேஜும் சேர்ந்து காத்திருக்கும். தாமதமாகுதாம். வர்றது வர்றபடி உடனே தெரியணுமாம்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"அது வாடிக்கையாளர் ரகசியம் மேடம்."

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் குரல் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

"ரகசியத்தை நாங்க கேட்கலை, தம்பி. தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கே. உங்க மேலேயும் பழி வரக்கூடாது பாருங்க. நிறுத்தினா ஆபத்துன்னு நீங்க எச்சரிச்சீங்கதானே?"

"பின்னே? பதில் முந்தி வரும், யாராவது தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு விளக்கமா எழுதி அனுப்பினேன்."

"அதுக்கு அவர் என்ன பதில் சொன்னார்? பேர் வேண்டாம். பதில் மட்டும்."

ஆப்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு வலது கையை மேசைக்குமேல் கொண்டுவந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"தேங்க்ஸ் தம்பி" என்றார் சித்தப்பா. "ரகசியம் பத்திரமா இருக்கு."

எனக்கு வேறொன்று உறைத்தது. "காத்திருக்கிறதைத்தானே நிறுத்தினீங்க? அந்தக் குறிப்பு? அதையும் எடுத்துட்டீங்களா?"

"அதை ஏன் எடுக்கணும்? அது பாட்டுக்கு ஒவ்வொரு மெசேஜோட முதுகுலயும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. யாரும் திறந்து பார்க்கிறதில்லை, அவ்வளவுதான்."

நானும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். மேனேஜரின் ஃபோன் எங்களுக்கு வேண்டியதில்லை. அவர் அனுப்பின கட்டைவிரல், கிளம்பும்போது அவர் ஃபோனில் என்ன இருந்தது என்ற செய்தியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் ஃபோனில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஆப்காரர் அக்காவின் ஃபோனை வயரில் மாட்டினார். கம்ப்யூட்டர் திரையில் வரிகள் ஓடின. ஒன்றில் விரலை வைத்தார்.

"இதான். இந்தக் கட்டைவிரல் கிளம்பினபோது மேனேஜர் ஃபோனுக்கு சூப்பர்வைசர் சொன்னது வந்திருந்தது. அந்த அம்மா கேட்டது வந்திருந்தது." விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "எலக்ட்ரீஷியன் சொன்னதும் வந்திருந்தது."

"வந்தது வேற, பார்த்தது வேற இல்லையா?" என்றார் சித்தப்பா.

"வந்த நிமிஷமே பார்த்தேன்னு அவர் வாயாலயே சொன்னார்" என்றேன். "நாம கேட்காமலே சொன்னார். அக்காவைக் குத்தறதுக்காக நீட்டின கத்தி, சித்தப்பா. இப்போ அவர் பக்கமே திரும்பிடுச்சு."

சித்தப்பா அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தில் அடங்குகிற அறிக்கை எழுதினார். கையெழுத்துப் போடும்போது முகத்தில் சந்தோஷமே இல்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மாடி அறைக்குத் திரும்பியபோது கண்ணாடி வழியாகக் கீழே பேக்கிங் ஹால் தெரிந்தது. பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நீளமேசையின் ஒரு முனையில் அவர். எதிர்முனையில், நாற்காலியின் நுனியில், அக்கா.

"முடிஞ்சதா?" என்றார் மேனேஜர்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். பேசு என்று அர்த்தம். எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

"நேத்து ஒரு கட்டைவிரல் அனுப்பினீங்க சார். பிரிண்ட்ல அது விழலை."

"படமெல்லாம் பிரிண்ட்ல வராது."

"சரி. அந்த விரல் யாருக்கு?"

"என்ன கேள்வி இது?"

"சின்னக் கேள்வி. 'கேஸ் திறக்கட்டுமா'ன்னு அக்கா கேட்டாங்க. 'மூடாதீங்க'ன்னு எலக்ட்ரீஷியன் சொன்னார். ரெண்டும் உங்க ஃபோனுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் விரல் கிளம்பியிருக்கு. அந்த விரல் முதுகுலயே எழுதியிருக்கு. உங்க ஃபோனை நீங்களே வச்சுக்குங்க. விரல் அக்காவுக்குன்னா, உள்ளே ஆள் இருக்கிறது தெரிஞ்சே திறக்கச் சொன்னீங்கன்னு ஆகும்."

"ஐயோ, இல்லை!" நாற்காலியில் நிமிர்ந்தார். "எலக்ட்ரீஷியனுக்குத்தான் போட்டேன். சரி, மூடலைன்னு. சத்தியமா அதுக்குத்தான்."

"நம்பறேன்" என்றேன். நிஜமாகவே நம்பினேன். அவர் கொலைகாரர் இல்லை, எதையும் இரண்டு சொல்லில் எழுதச் சோம்பல்படுகிற ஒரு மனிதர். "ஆனா அக்கா ஃபோன்ல எலக்ட்ரீஷியன் சொன்னதுக்கு முன்னாடியே உங்க விரல் போய் நின்னுடுச்சு, அவங்க கேட்ட கேள்விக்கு நேர் கீழே. பதில் முந்தாம இருக்க ஒரு ஏற்பாடு இருந்தது. அதை நிறுத்தச் சொன்னது யார், ஆபத்துன்னு எழுதினபோதும் விரலைத் தூக்கினது யார்?"

மேனேஜர் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆள் உடைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தார்.

"அறிக்கை எழுதியாச்சா?"

"ஆச்சு."

"கொடுங்க."

சித்தப்பா கொடுத்தார். மேனேஜர் படித்தார், நாலாக மடித்தார், இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"ஒப்பந்தப்படி அறிக்கை என்னுடையது. அதை யார்கிட்ட காட்டறதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். உங்க நிறுவனத்து ஆட்கள் வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது. சரிதானே?"

"சரிதான்" என்றார் சித்தப்பா. "நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அந்தம்மா ஃபோனும் கம்பெனி சொத்து. அதையும் இங்க வச்சுட்டுப் போங்க."

ஃபோன் என் கையில் இருந்தது. கீழே இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். அக்கா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அறிக்கையும் இல்லாமல் ஃபோனும் இல்லாமல் அவர் அங்கே என்ன சொல்லப்போகிறார்? எனக்கு அப்புறம்தான் வந்துச்சு சார் என்பார். மேனேஜர் அந்தப் பிரிண்டை நீட்டுவார்.

"சித்தப்பா, நீங்க சும்மா இருக்கப்போறீங்களா?"

"கையெழுத்துன்னா கையெழுத்துதாம்மா. நிறுவனத்து ஆள் யாரும் பேச முடியாது. நானும்தான், நீயும்தான்." காதைத் திருகிக்கொண்டார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நிறுவனத்து ஆளா இல்லாதவங்களை அந்த ஒப்பந்தம் கட்டாது. ஆனா அப்படிப் போறவங்களை நான் திரும்ப வேலைக்கு எடுக்கவும் முடியாது. எடுத்தா எல்லாம் நாடகம்னு வழக்குப் போடுவாங்க. உனக்கு ஒரு சம்பளம் கொடுக்கிறதுக்காக எத்தனை வாடிக்கையாளர் வாசல் ஏறி இறங்கினேன்னு தெரியும்ல? உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கார். யோசிச்சுச் செய்."

தெரியும். டிகிரியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருந்தார்.

அதைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"யோசிச்சாச்சு."

"ஃபோனை வச்சுட்டுப் போ!" என்று மேனேஜர் எழுந்தார்.

"இன்ஸ்பெக்டர் மேசைல வைக்கிறேன் சார். அதுவும் உங்க கம்பெனிக்குள்ளதானே இருக்கு?"

"அவளை நிறுத்துங்க!" என்று சித்தப்பாவிடம் கத்தினார்.

"நான் எப்படி சார் நிறுத்தறது?" சித்தப்பாவின் குரல் எனக்குப் பின்னால் மிகுந்த வருத்தத்துடன் கேட்டது. "அந்தப் பொண்ணு எங்க ஆளே இல்லையே."

ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் அக்காவிடம் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.